ஒரே பெயரில் இரண்டு கெர்னலா? ஜாக்கிரதை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் ஒன்றை இன்ஸ்டால் செய்திருக்கிறீர்களா? சில மாதங்கள் அப்டேட் செய்த பின், கம்ப்யூட்டர் துவங்கும்போது வரும் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரியைத் திறந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான நீளமான பெயர்கள் இரண்டு மூன்று வரிசையாக நிற்கும். கடைசியில் உள்ள எண்கள் மட்டும் சற்று மாறியிருக்கும்.

“இத்தனை எதற்கு? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா?” என்று புதியவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நீளமான பெயர்களின் அருமை ஓர் இரவில்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள்: இந்தக் கட்டுரையில் ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் டைப் செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும். பெரும்பாலும் எல்லாம் சிறிய எழுத்துகளே.

பத்து மணிக்கு வந்த சோதனை

2018-ஆம் ஆண்டு. நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் உபுண்டு 18.04 இருந்தது. கெர்னலின் மூல நிரலை டவுன்லோடு செய்து நானே கம்பைல் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. 4.18.5 என்ற பதிப்பைக் கம்பைல் செய்து இன்ஸ்டால் செய்தேன். நன்றாகவே ஓடியது. ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம், அதே கெர்னலை இன்னும் சிறியதாக்கலாம் என்று தோன்றியது. ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்று ஒரு வசதி உண்டு. அந்த நேரத்தில் எந்தெந்த டிரைவர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிரைவர்களை அது விட்டுவிடும். அந்த நேரத்தில் பென்டிரைவ் செருகவில்லை. வைஃபை டாங்கிளையும் கழற்றி வைத்திருந்தேன். இதை யோசிக்காமல் மறுபடி கம்பைல் செய்து, அதே 4.18.5 என்ற பெயரிலேயே இன்ஸ்டால் செய்துவிட்டேன்.

அன்று இரவு பத்து மணிக்குத் தங்கை பென்டிரைவுடன் வந்தாள். மறுநாள் காலை அவள் கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பிரிண்ட் எடுக்க வேண்டிய ஃபைல் அதில்தான் இருந்தது. பென்டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. வேறு யாரிடமாவது கொடுத்து மெயிலில் அனுப்பச் சொல்லலாம் என்றால் வைஃபையும் இல்லை. போனை யூஎஸ்பி வழியாக இணைத்தேன். அதற்கான டிரைவரும் போயிருந்தது.

“அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மெனுவில் ‘4.18.5.ஓல்டு’ என்று ஒரு வரி இருந்தது. போன வாரத்து நல்ல கெர்னல் அதுதானே என்று அதில் நுழைந்தேன். அப்போதும் பென்டிரைவ் வரவில்லை. கெர்னல் பழையதுதான். ஆனால் அதற்குரிய டிரைவர்கள் அங்கே இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

கடைசியில் மெனுவின் அடியில் இருந்த, உபுண்டுவுடன் வந்த ‘4.15.0’ என்று தொடங்கும் கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். பென்டிரைவும் வந்தது, பிரிண்டும் வந்தது. நான் இரண்டு முறை கம்பைல் செய்து விளையாடியும் அந்தக் கெர்னலின் ஒரு ஃபைலைக்கூட என்னால் கெடுக்க முடியவில்லை. காரணம் ஒன்றுதான்: அதன் பெயர் வேறு.

கெர்னலின் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் இதயப் பகுதி. மெமரி, டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாவற்றையும் அதுதான் நிர்வகிக்கிறது. லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் என்பது உண்மையில் இந்தக் கெர்னல்தான். உபுண்டு, பெடோரா எல்லாம் அதைச் சுற்றிக் கட்டப்பட்டவை.

ஒரு கெர்னல் ஹார்டு டிஸ்க்கில் முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்கும்.

முதலாவது ‘/பூட்’ என்ற ஃபோல்டர். இதில் ‘விஎம்லினஸ்’ என்று தொடங்கும் ஃபைல்தான் கெர்னல். துவக்கத்தில் மட்டும் தேவைப்படும் டிரைவர்கள் அடங்கிய ‘இனிட்ஆர்டி.இமேஜ்’ என்ற ஃபைலும், கெர்னல் எந்த செட்டிங்குகளுடன் கம்பைல் ஆனது என்பதைச் சொல்லும் ‘கான்ஃபிக்’ ஃபைலும் இங்கேயே இருக்கும்.

இரண்டாவது ‘/லிப்/மாட்யூல்ஸ்’ என்ற ஃபோல்டர். தேவைப்படும்போது மட்டும் கெர்னல் ஏற்றிக்கொள்ளும் டிரைவர்களுக்கு மாட்யூல் என்று பெயர். ஒவ்வொரு கெர்னலுக்கும் அதன் பெயரிலேயே இங்கே தனி ஃபோல்டர் உண்டு. கெர்னல் ஓடத் தொடங்கியதும் தன் பெயருள்ள ஃபோல்டரில்தான் மாட்யூல்களைத் தேடும்.

என் தவறு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மாட்யூல்களை இன்ஸ்டால் செய்யும் கட்டளை, அந்தப் பெயருள்ள ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் மாட்யூல்களைத் துடைத்துவிட்டுத்தான் புதியவற்றை வைக்கும். பழைய விஎம்லினஸ் ஃபைலை ‘ஓல்டு’ என்று பெயர் மாற்றிப் பத்திரப்படுத்தியது போல, மாட்யூல் ஃபோல்டரை யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஆள் இருக்கிறார், அவருடைய கருவிப் பெட்டி இல்லை!

ஒரு ஃபைலுக்கு ஒரே சொந்தக்காரர்

சரி, நாமாகக் கம்பைல் செய்யாமல் அப்டேட் மூலம் வரும் கெர்னல்கள் மட்டும் எப்படிச் சண்டை போடாமல் இருக்கின்றன? அங்கேதான் பேக்கேஜ் வருகிறது.

லினக்ஸில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் பேக்கேஜ் என்ற ஒரே கட்டாக வருகிறது. எந்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல் அதற்குள் இருக்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் இதைக் கவனிக்கும் புரோகிராமின் பெயர் டிபிகேஜி. அதற்கு இரண்டு கறாரான விதிகள் உண்டு.

1. ஒரு ஃபைல் ஒரே நேரத்தில் இரண்டு பேக்கேஜ்களுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. இரண்டாவது பேக்கேஜ் அதே ஃபைலைக் கொண்டு வந்தால், ‘இது ஏற்கெனவே இன்னொரு பேக்கேஜில் உள்ளது’ என்று எரர் கொடுத்து நின்றுவிடும்.

2. ஒரே வகை கம்ப்யூட்டருக்கான பேக்கேஜ்களில், ஒரு பெயருக்கு ஒரு பதிப்புதான் இருக்க முடியும். புதிய பதிப்பு வந்தால் பழையது போய்விடும்.

ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசருக்கு இரண்டாவது விதி மிகவும் பொருத்தம். புதியது வந்த பின் பழையது எதற்கு? ஆனால் கெர்னலுக்கு இது ஆபத்து. புதிய கெர்னல் உங்கள் கம்ப்யூட்டரில் துவங்கவில்லை என்றால், திரும்பிப் போகப் பழையது இருக்க வேண்டுமே!

இதற்கு டெபியன்காரர்கள் கண்ட வழி எளிமையானது. பதிப்பு எண்ணைப் பேக்கேஜின் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பெயர் வேறாகிவிடுவதால் டிபிகேஜி இரண்டையும் வேறு வேறு பேக்கேஜ்களாகவே நினைக்கும். உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரிலும் அதே எண் இருப்பதால் ஃபைல்களும் மோதிக்கொள்ளாது.

நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள் அல்லவா? கல்யாண வீட்டில் பத்து வீட்டுத் தூக்குவாளிகள் ஒன்றாகக் கிடந்தாலும் நம்முடையதைத் தனியே எடுத்துவிடலாம். அதே வேலைதான் இது.

பெயரைப் படிப்பது எப்படி?

உபுண்டு 24.04 வெளிவந்தபோது அதில் இருந்த கெர்னல் பேக்கேஜின் பெயர் இது:

லினக்ஸ்-இமேஜ்-6.8.0-31-ஜெனரிக்

லினக்ஸ்-இமேஜ்: இது ஒரு கெர்னல் பேக்கேஜ் என்று பொருள். உபுண்டுவில் மாட்யூல்கள் ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்’ என்று தொடங்கும் தனிப் பேக்கேஜில் வரும். அதன் வால் பகுதியும் இதே போல்தான் இருக்கும்.

6.8.0: எந்தக் கெர்னல் வரிசை என்பதைக் காட்டுகிறது.

31: இந்த எண்தான் முக்கியம். முந்தைய கெர்னலுக்காகக் கம்பைல் செய்த மாட்யூல்கள் புதியதற்குப் பொருந்தாது என்ற நிலை வரும்போது இந்த எண் கூட்டப்படும். எண் கூடினால் பேக்கேஜின் பெயர் மாறும். பெயர் மாறினால் புதிய கெர்னல் பழையதன் பக்கத்தில் தனியாக உட்காரும்.

ஜெனரிக்: சாதாரண கம்ப்யூட்டர்களுக்கான வகை. டெபியனில் இந்த இடத்தில் ‘ஏஎம்டி64’ என்று இருக்கும். அதைப் பார்த்து, நம்முடையது இன்டெல் பிராசசர் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம். இன்டெல்லின் 64 பிட் பிராசசர்களுக்கும் அதுவேதான்.

இப்போது ஒரு நுணுக்கம். பேக்கேஜுக்குப் பெயரைத் தவிர பதிப்பு எண் என்று தனியாக ஒன்றும் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயர் மாறினால் புதியது பக்கத்தில் வரும். பெயர் மாறாமல் பதிப்பு எண் மட்டும் கூடினால் புதியது பழையதன் இடத்திலேயே வந்து உட்காரும், பழையது இருக்காது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

டெபியனில் நடந்த உண்மைச் சம்பவம்

இந்தப் பெயர் வைக்கும் முறை எவ்வளவு உதவும் என்பதற்கு 2023 டிசம்பர் மாதம் நல்ல உதாரணம். டெபியன் 12.3 வெளியாக இருந்த டிசம்பர் 9 அன்று, அதற்கான கெர்னலில் மோசமான பிழை இருப்பது தெரியவந்தது. இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் டேட்டா கெட்டுப்போகக் கூடிய பிழை அது. பலருடைய ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அதே ஃபைல் சிஸ்டம்தான்!

அந்தக் கெர்னலின் பதிப்பு எண் 6.1.64-1. பெயரில் இருந்தது 6.1.0-14. டெபியன் குழு 12.3 வெளியீட்டை நிறுத்திவிட்டு, 6.1.66-1 என்ற திருத்தப்பட்ட கெர்னலுடன் மறுநாளே 12.4-ஐ வெளியிட்டது. அதன் பெயர் 6.1.0-15.

இடையில் 14-ஐ இன்ஸ்டால் செய்துவிட்டவர்களின் கதி? முந்தைய 6.1.0-13 தனிப் பெயரில் இருந்ததால், அதை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு அது மெனுவிலேயே காத்திருந்தது. கம்ப்யூட்டரை அதில் துவக்கிக்கொண்டால் போதும். தாம் ஆபத்தான கெர்னலில் இருக்கிறோமா என்பதைப் பெயரில் உள்ள இரண்டு இலக்கங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்திருந்தால் 14 வந்த அன்றே 13 காணாமல் போயிருக்கும்.

மற்ற லினக்ஸ்களில் எப்படி?

பெடோரா வேறு வழியில் போகிறது. அங்கே பேக்கேஜின் பெயர் வெறும் ‘கெர்னல்’தான். எண் பெயருக்கு வெளியே, பதிப்பில் இருக்கிறது. உதாரணமாக பெடோரா 39-இல் 6.5.6-300. அங்கே பயன்படும் ஆர்பிஎம் முறையில், ஃபைல்கள் மோதாத வரை ஒரே பெயரில் பல பதிப்புகளை வைத்துக்கொள்ள முடியும். கெர்னலை ‘இன்ஸ்டால் மட்டும், அப்கிரேடு கிடையாது’ என்ற தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 3 கெர்னல்கள் வரை இருக்கும். நான்காவது வந்ததும் மிகப் பழையது நீக்கப்படும். அங்கேயும் மாட்யூல் ஃபோல்டரின் பெயரில் எண் உண்டு. மோதாமல் காப்பது அதுதான்.

ஆர்ச் லினக்ஸில் பேக்கேஜின் பெயர் வெறும் ‘லினக்ஸ்’. எண் கிடையாது. அப்டேட் செய்தால் பழைய மாட்யூல்கள் போய்விடும். ஆனால் மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழைய கெர்னலே. அப்போது முதல் முறையாகப் பென்டிரைவைச் செருகினால் வேலை செய்யாமல் போகலாம். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அன்று இரவு எனக்கு வந்த அதே நோய்தான்! அதனால் ஆர்ச் பயன்படுத்தும் பலர் ‘லினக்ஸ்-எல்டிஎஸ்’ என்ற இன்னொரு கெர்னலையும் துணைக்கு வைத்திருப்பார்கள். அது வேறு பெயர், எனவே வேறு ஃபைல்கள்.

நீங்களே கம்பைல் செய்து பார்க்க விரும்பினால்

ஆசைப்படுவதில் தவறில்லை. நான் தப்பு செய்து கற்றதை நீங்கள் படித்தே கற்றுக்கொள்ளுங்கள்.

1. ஒவ்வொரு முறையும் புதிய வால் பெயர் கொடுங்கள். இதற்கு ‘லோக்கல்வெர்ஷன்’ என்ற வசதி இருக்கிறது. இந்த ஒரு பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். முதல் முறை ‘-வீடு1’, அடுத்த முறை ‘-வீடு2’ என்று கொடுத்தால் கெர்னலின் பெயர் 4.18.5-வீடு1, 4.18.5-வீடு2 என்று அமையும். இரண்டும் தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கும்.

2. அந்த வாலில் சிறிய எழுத்துகள், எண்கள், புள்ளி, ஹைஃபன் மட்டும் போதும். இடைவெளியும் அடிக்கோடும் வேண்டாம். டெபியன் பேக்கேஜ் பெயரில் அவற்றுக்கு இடமில்லை. கெர்னலின் முழுப் பெயர் 64 எழுத்துகளைத் தாண்டவும் கூடாது.

3. நேரடியாக இன்ஸ்டால் செய்யாமல் பேக்கேஜாகவே உருவாக்குங்கள். ‘மேக் பின்டெப்-பிகேஜி’ என்ற கட்டளை இதைச் செய்யும். அப்போதுதான் எந்த ஃபைல் யாருடையது என்பது டிபிகேஜியின் கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் சுத்தமாக நீக்கவும் முடியும். ஆனால் பேக்கேஜாகச் செய்தாலும் வால் பெயரை மாற்ற மறக்காதீர்கள். பதிப்பு எண்ணை மட்டும் கூட்டினால் பழையது அழிந்துவிடும்.

4. அந்தக் கட்டளை ‘லினக்ஸ்-லிப்சி-டெவ்’ என்று ஒரு பேக்கேஜையும் சேர்த்துத் தந்தால் அதை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதில் உள்ள ஃபைல்களின் பாதையில் கெர்னல் எண் கிடையாது. உபுண்டுவே வைத்திருக்கும் அதே பெயருள்ள பேக்கேஜின் இடத்தை அது பிடித்துவிடும். இமேஜும் ஹெடர்ஸும் போதும்.

எல்லோருக்கும் சில டிப்ஸ்

கம்பைல் செய்யும் எண்ணமே இல்லையா? அப்படியானால் இவற்றை மட்டும் பாருங்கள்.

* இப்போது ஓடும் கெர்னல் எது என்று அறிய, டெர்மினலைத் திறந்து ‘யூநேம் -ஆர்’ என்று டைப் செய்து என்டர் தட்டவும்.

* துவக்கத்தில் மெனு தெரியவில்லை என்றால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டவும். பழைய பயோஸ் உள்ள கம்ப்யூட்டர்களில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிக்கவும்.

* அப்டேட் செய்த பின் சவுண்டோ வைஃபையோ வேலை செய்யவில்லை என்றால், உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்யத் தொடங்காதீர்கள். மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

* ‘/பூட்’ இடம் நிறைந்துவிட்டது என்று எரர் வந்தால், அந்த ஃபைல்களை நீங்களாக டெலீட் செய்யாதீர்கள். டிபிகேஜியின் கணக்கு குழம்பிவிடும். ‘சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் தேவையற்ற பழைய கெர்னல்கள் பேக்கேஜாக நீக்கப்படும்.

* பெயரில் எண் இல்லாத ‘லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்’ என்ற பேக்கேஜை நீக்காதீர்கள். புதிய கெர்னல் வரும்போது அதை இழுத்து வருவது இதுதான். இதை நீக்கினால் பாதுகாப்புத் திருத்தங்களுடன் வரும் புதிய கெர்னல்கள் உங்களுக்கு வராமலே போகலாம்.

* ஃபைல் மோதல் எரர் வரும்போது, ‘ஃபோர்ஸ்-ஓவர்ரைட்’ கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். முதலில் ‘டிபிகேஜி -எஸ்’ என்று கொடுத்து, பக்கத்தில் அந்த ஃபைலின் பெயரையும் சேர்த்து, அது யாருடையது என்று பாருங்கள். இந்த இடத்தில் ‘எஸ்’ பெரிய எழுத்து. எரர் என்பது காவலாளி மாதிரி. அவர் ஏன் தடுக்கிறார் என்று கேட்காமல் தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

கட்டுரையின் தொடக்கத்தில் வந்த கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். மெனுவில் உள்ள பழைய கெர்னல்களை எல்லாம் அழித்துவிடலாமா? வேண்டாம். இப்போது ஓடுவதும், அதற்கு முன் நன்றாக ஓடிய ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். கொஞ்சம் இடம் போகும்தான். ஆனால் வீட்டில் யாராவது இரவு பத்து மணிக்குப் பென்டிரைவுடன் வந்து நிற்கும்போது அந்த இடத்தின் மதிப்பு தெரியும்.

என் தங்கை இன்றும் என் கம்ப்யூட்டரில் எதையாவது செருகும் முன், “அண்ணா, எந்தக் கெர்னல்ல இருக்க?” என்று கேட்டுவிட்டுத்தான் செருகுகிறாள்!